நாரின் வலிமையும் சுவரின் வலிமையும்

1991-ஆம் ஆண்டில் ஜப்பான் தேசத்து அறிஞராகிய சுமியோ ஈஜிமா, ஒன்றனுள் ஒன்றாய் அமைந்த கார்பன் நுண்குழல்களை எலக்ட்ரான் நுண்பெருக்கியின் வாயிலாகக் கண்டு வெளியிட்டார். 1952-லேயே ருஷிய அறிஞர் இருவர் இத்தகைய குழல்களின் படங்களை வெளியிட்டிருந்தனரெனினும், உலகத்தாரின் கருத்து அவற்றின்பாற் சென்றது ஈஜிமாவுக்குப் பின்னரேயாம். ஒரு மில்லிமீட்டரைப் பத்துலட்சம் கூறிட்டால், அக்கூறுகளுள் ஒருசிலவே ஒரு குழலின் குறுக்களவாகும். இழுப்புக்கு நீளாது நிற்கும் தன்மையில் இஃது எஃகினும் ஏறக்குறைய ஐந்து மடங்கு மேம்பட்டது. எடையிலோ எஃகின் நாலிலொரு பங்கே. ஆகவே, இதனைப் பிளாஸ்டிக்கிற் சிறிது கலந்தால் எஃகுக்கு வேலையே இராதென்று பலர் முழங்கினர். அம்முழக்கத்தை நாம் ஆராயாது ஏற்றல் தகாதென்பது என் துணிபு.

மண்சுவர் எழுப்புவோர் வைக்கோலை மண்ணொடு பிசைகின்றனர். வைக்கோலைக் கட்டாகவே மண்ணிற் புதைப்பின் சுவர் உறுதிபெறுமோ? அக்கட்டு இருக்குமிடத்திலேயே அது பிளவுபடும். கார்பன் குழல்களின் இயல்பும் இத்தகையதே. அவை ஒன்றையொன்று ஈர்த்துக் கற்றை கற்றையாய்த் திரளும். அன்றியும், அவற்றின் மேற்பரப்பு மிக வழுவழுப்பானதாதலின் பிசின் அவற்றைப் பற்றாது. பாரம் வந்துழிக் குழல் நழுவும்.

ஒரு கணக்குப் பார்ப்போம். எபாக்ஸிப் பிசினின் விறைப்பு ஏறக்குறைய 3 கிகாபாஸ்கல், குழலினது 1000. நூற்றுக்கு ஒரு பங்கு குழல் நன்கு பரவி, இறுகப் பற்றி, ஒரே திசையில் நின்றால், அத்திசையிற் கலவையின் விறைப்பு 13 ஆதல்வேண்டும். குழல்கள் எத்திசையும் சிதறிக் கிடப்பின் அவ்வேற்றத்தில் ஐந்திலொரு பங்குதானும் கிட்டுதல் அரிது. கேரள நாட்டிற் பிறந்த புளிக்கல் அஜயனும் அவர்தம் தோழரும் 1994-இல், குழல் பதித்த பிசினை மெல்லிய ஏடுகளாய் அறுத்து, குழல்களை ஒரே திசைப்படுத்தும் வழியொன்று காட்டினர். ஆயினும் சிற்றேட்டில் இயன்றது பெருந்தொழிற்சாலையில் எளிதன்று.

எனின் இக்குழல்கள் பயனற்றனவோ? அன்று. நூற்றுக்கு ஒன்றினுங் குறைவாகக் கலந்தாலும் மின்சாரம் பாயாத பிளாஸ்டிக் மின்சாரம் பாய்வதாகின்றது. மின்சாரத்துக்குக் குழல்கள் ஒன்றையொன்று நெருங்கியிருத்தலே போதும். பாரந்தாங்குதற்கோ பிசினின் இறுகிய பிடிப்பு வேண்டும். இவ்வேற்றுமையை உணராமையே வீண் நம்பிக்கைக்குக் காரணமாயிற்று.

மற்றொன்றும் மறத்தற்கில்லை. 2014-இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம், நீண்டு விறைத்த ஒருவகைப் பலசுவர்க் குழலை, மாந்தர்க்குப் புற்றுநோய் விளைக்கக்கூடியவற்றுள் வைத்தது. பிளாஸ்டிக்கினுட் புதைந்த குழலைக் காட்டிலும், தூளாய்ப் பறக்கும் குழலே அஞ்சத்தக்கது. அதனைச் சுவாசிப்பவர் விலைகொடுத்து வாங்குவோரல்லர், கலவைசெய்யும் தொழிலாளரே.

ஆதலின் ரசாயனமும் பௌதிகமும் பயிலும் நம் மாணவர், புதுக்கலவையொன்றின் புகழைக் கேட்குந்தோறும் மூன்று வினாக்களை வினவுவாராக: குழல்கள் எவ்வாறு பரப்பப்பட்டன? பிசின் அவற்றை எவ்வாறு பற்றிற்று? தூளைக் கையாண்டவர்க்கு என்ன காப்பிருந்தது? புதிய குழல்களை ஆக்குவோர்க்குக் கிடைக்கும் மதிப்பும் பொருளுதவியும், இவ்வினாக்களுக்கு விடைதேடி ஆய்வுக்கூடத்திற் பொறுமையோடு உழைப்போர்க்கும் கிடைத்தல்வேண்டும்.