பை தூக்கும் சித்தியின் கணக்கு

நிச்சயதார்த்தம் முடிந்த வீட்டில் இப்போதெல்லாம் பத்திரிகை அடிப்பதற்கு முன்பே ஒரு பஞ்சாயத்து கூடிவிடுகிறது. எங்கே போய்ப் படம் எடுப்பது? மாப்பிள்ளைக்குக் கடல் வேண்டும், பெண்ணுக்கு மலை வேண்டும், பெண்ணின் தம்பிக்கு டிரோன் பறந்தால் போதும். பெரியவர்கள் முதல் வாரம், "தாலி கட்டறதுக்கு முன்னாடி என்னடா ஊர் சுத்தல்?" என்பார்கள். அடுத்த வாரம் அவர்களே, "அந்த அரக்குப் பட்டையும் பெட்டியில வை, படத்துல எடுப்பா இருக்கும்" என்பார்கள்.

எங்கள் குடும்பத்தில் கல்யாணத்துக்கு முந்தின இந்த போட்டோ ஷூட்டுக்குப் பை தூக்கிக்கொண்டு கூடப் போகிற பதவி எப்படியோ எனக்கு வந்து சேர்ந்துவிட்டது. சித்தி என்றால் அம்மா அளவுக்கு அதட்ட மாட்டாள், தோழி அளவுக்கு விட்டுக்கொடுக்கவும் மாட்டாள் என்று ஒரு நம்பிக்கை. அப்படிப் போய் நின்று பார்த்ததில் எனக்கு ஒரு விஷயம் தெளிவாகிவிட்டது. போஸ், லென்ஸ், கான்செப்ட் எல்லாம் போட்டோகிராபர் பாடு. அதற்குத்தான் அவருக்குப் பணம். தூங்கி எழுந்த, வயிற்றுக்குச் சாப்பிட்ட, காலைக் கடிக்காத செருப்பு போட்ட இரண்டு பேரைச் சரியான நேரத்துக்கு அவர் முன்னால் கொண்டுபோய் நிறுத்துவது நம் பாடு. வீட்டில் மாதக்கணக்காகப் பேசுவதெல்லாம் அவர் பாட்டைப் பற்றித்தான். நம் பாட்டை முதல் நாள் ராத்திரி பத்து மணிக்கு மேல் யோசிக்கிறோம்.

முதலில் நேரம். "ஏழு மணிக்குக் கிளம்பினா போதாதா சித்தி?" என்று கேட்பார்கள். போதாது. சூரியன் தலைக்கு மேலே ஏறிவிட்டால் கண்குழியிலும் மூக்கின் அடியிலும் நிழல் விழும். பெண் கண்ணைச் சுருக்குவாள், மாப்பிள்ளையின் அக்குளில் வேர்வை வட்டம் போடும். உதயத்துக்குப் பின் ஒரு மணி நேரம், அஸ்தமனத்துக்கு முன் ஒரு மணி நேரம், இவ்வளவுதான் நல்ல வெளிச்சம். சென்னைப் பக்கம் ஜூன் தொடக்கத்தில் 5.45க்கு முன்பே சூரியன் வந்துவிடும். ஜனவரிக் கடைசியில் 6.30 தாண்டும். நாள்காட்டியில் ராகுகாலம் பார்க்கிற தாளிலேயே பெரும்பாலும் சூரிய உதயமும் போட்டிருக்கும். அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

உதயம் ஆறு மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தரைக்கு இடத்தில் இருக்க வேண்டும். மேக்கப்பும் தலையலங்காரமும் இரண்டு மணி நேரம் பிடிக்கும், புடவை கட்ட அரை மணி. பின்னோக்கி எண்ணினால், போகிற நேரத்தைச் சேர்க்காமலே, விடிகாலை மூன்று மணிக்குப் பெண் முகம் கழுவி நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும். மேக்கப் போடுகிற பெண் அந்த நேரத்துக்கு எப்படி வருவாள், அபார்ட்மென்ட் கேட்டை யார் திறப்பது என்று முதல் நாளே பேசி வைக்காத வீடுகளில் விடிகாலையில் நடக்கிற களேபரம் கொஞ்சநஞ்சமல்ல. வெளியூர் என்றால் முந்தின நாளே போய்த் தங்கிவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

இடத்தையும் வெளிச்சத்தையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். எங்கள் வீட்டு மாப்பிள்ளை ஒருவர், "கடல்ல சூரியன் மறையற மாதிரி ஒண்ணு வேணும்" என்று மாமல்லபுரத்தில் நின்றுகொண்டு கேட்டார். போட்டோகிராபர் தம்பி பாவம், சிரிக்காமல், "சார், இங்க சூரியன் ஊருக்குள்ளதான் மறையும், கடல்ல வேணும்னா கேரளா போகணும்" என்றார். நம் கிழக்குக் கரையில் விடியற்காலை கடலை முதுகுக்குப் பின்னால் வைத்து நின்றால் உருவம் கறுத்த நிழலாகத்தான் விழும். அதுவும் ஓர் அழகுதான். ஆனால் நகையும் ஜரிகையும் தெரிய வேண்டுமென்றால் கடலைப் பார்த்து நிற்க வேண்டும், பின்னால் ஊர் வரும். மாலையில் இது அப்படியே தலைகீழ்.

சென்னைக்காரர்களுக்குப் புதுச்சேரி மேல் ஒரு மோகம். சுமார் 150 கிலோமீட்டர், பிரெஞ்சுக்காரர் காலத்து வீதிகள், மஞ்சள் சுவர், அதன் மேல் சரிந்து தொங்கும் காகிதப்பூ. அந்தச் சுவருக்கு முன்னால் மாம்பழ மஞ்சளில் பட்டுடுத்திப் போனால் பெண் சுவரோடு சுவராகிவிடுவாள். கத்தரிப்பூ நிறம், மயில்கழுத்து, எம்.எஸ். நீலம் இவையெல்லாம் அங்கே தனித்துத் தெரியும். சுவரை ஒட்டி நின்றால் அதன் மஞ்சள் கன்னத்தில் அடித்து இரண்டு பேரும் காமாலை கண்டவர்கள் மாதிரி இருப்பார்கள். நாலு அடி தள்ளி நின்றால் சரியாகிவிடும். மாப்பிள்ளைக்குப் பொடிக்கட்டம் போட்ட சட்டை வேண்டாம், படத்தில் அந்தக் கட்டமெல்லாம் நெளிநெளியாக ஓடும். அந்த அழகான கதவுகள் செட் அல்ல, உள்ளே ஆட்கள் குடியிருக்கிறார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. நாங்கள் ஒரு வாசற்படியில் பெண்ணின் முந்தானையை விரித்துவிட்டுப் பின்னால் நகர்ந்தபோது கதவு திறந்தது. லுங்கி கட்டிய ஒரு பெரியவர் கையில் குப்பை வாளியோடு, முந்தானையைத் தாண்ட வழி தெரியாமல் நின்றார். மாப்பிள்ளை ஓடிப்போய் முந்தானையைத் தூக்கிப் பிடித்தார். அவர் போய்க் குப்பையைக் கொட்டிவிட்டுத் திரும்பி வந்து கதவைச் சாத்தும்வரை எல்லோரும் மரியாதையாக ஓரமாக நின்றோம்.

மாமல்லபுரம் என்றால் வேறு கணக்கு. 1984லிருந்து யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிற இடம், தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. ஸ்டாண்டு போட்டு, விளக்கு பிடித்துப் படம் எடுக்க முன்அனுமதி வேண்டும். வாசலில் போய்க் கெஞ்சி நிற்பதில் நல்ல வெளிச்சம் போய்விடும். டிரோன் ஆசை இருந்தால், 2021ஆம் ஆண்டு விதிகள் வான்வெளியைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்து வைத்திருப்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். பக்கத்திலேயே கல்பாக்கம் அணுமின் நிலையம் இருக்கிறது. யாரையும் கேட்காமல் பறக்கவிடுகிற ஊர் அல்ல அது.

தண்டவாளத்தில் கைகோத்து நடப்பது, அணைக்கட்டுப் படியில் இறங்குவது இரண்டும் கூடவே கூடாது. 2019இல் ஊத்தங்கரைப் பக்கம் பாம்பாறு அணையில் செல்பி எடுக்க இறங்கிய ஒரு குடும்பத்தில், புதிதாகக் கல்யாணமான பெண் உட்பட நான்கு பேர் மூழ்கிப் போனார்கள். தனுஷ்கோடியில் 1964 புயலில் இடிந்து நிற்கிற தேவாலயத்தின் முன்னால் கவுனை விரித்துக்கொண்டு நிற்பதும் எனக்கு ஒப்பவில்லை. ரயிலோடு சேர்த்து மனிதர்களைக் கடல் கொண்டுபோன ஊர் அது. சட்டப்படி தடையில்லாமல் இருக்கலாம். எனக்கு மனசு வரவில்லை.

ஐப்பசியில் நிச்சயம், தையில் கல்யாணம் என்று வைக்கிற வீடுகளுக்கு ஷூட் நடுவில் அடைமழைக் காலத்தில் வந்து மாட்டும். மாற்று நாள் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் கூரை உள்ள இடம் பாருங்கள். காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் செட்டிநாட்டு வீடுகள் சிலவற்றைப் படப்பிடிப்புக்கு விடுகிறார்கள். முற்றத்து வெளிச்சத்துக்கும் ஆத்தங்குடித் தரைக்கும் ஈடு கிடையாது, மழை வந்தாலும் கவலையில்லை.

இனி யாரும் பேசாத விஷயத்துக்கு வருகிறேன். பெண் எங்கே உடை மாற்றுவாள்? நாலு டிரஸ் என்று மூச்சுக்கு மூச்சு சொல்கிறவர்கள் ஒருவரும் இதைக் கேட்பதில்லை. காருக்குள் ஜன்னலுக்குத் துண்டு மாட்டி, ஆறு கஜப் புடவையைக் குனிந்துகொண்டே அவிழ்த்துக் கட்டச் சொல்வது கொடுமை. பாத்ரூம் இல்லாத கடற்கரையில் அந்தப் பெண் முந்தின இரவிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருப்பாள், ஒன்பது மணிக்கு முகம் வாடிவிடும். அதை எந்த மேக்கப்பும் மறைக்காது. டிரோனுக்குக் கொடுக்கிற காசில் கொஞ்சத்தை எடுத்துப் பக்கத்தில் ஒரு அறை போடுங்கள். உடையும் இரண்டு போதும், காலைக்கு ஒன்று, மாலைக்கு ஒன்று. ஒரு மணி நேர வெளிச்சத்தில் நாற்பது நிமிடம் உடை மாற்றப் போனால் மிச்சத்தில் எதைப் படம் எடுப்பது?

உடம்புக்கான வேலைகளுக்கு நாள்கணக்கு இருக்கிறது. ஃபேஷியல், திரெட்டிங் எல்லாம் நாலைந்து நாள் முன்பே முடிந்துவிட வேண்டும். முதல் நாள் செய்தால் சிவந்து தடித்து நிற்கும். புது க்ரீம் எதையும் அந்த வாரம் தொடாதீர்கள். மோதிர விரலை எப்படியும் கிட்டத்தில் எடுப்பார்கள், அதனால் மருதாணி முக்கியம். கழுவின உடனே ஆரஞ்சாகத்தான் இருக்கும், நன்றாகச் சிவக்க ஒன்றிரண்டு நாள் ஆகும். ஞாயிறு ஷூட் என்றால் வெள்ளிக்கிழமை வைத்துக்கொள்வது சரி. மாப்பிள்ளை கண்ணாடிக்காரர் என்றால், வெயிலில் கறுக்கிற கண்ணாடியா என்று கேளுங்கள். அப்படியென்றால் பழைய சாதாரணக் கண்ணாடியைத் தேடி எடுத்து வைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஆல்பம் முழுக்கக் கறுப்புக் கண்ணாடியோடுதான் இருப்பார். புதுச் செருப்பை ஒரு வாரம் வீட்டுக்குள் போட்டு நடக்கட்டும். மல்லிகைப்பூ மொட்டாக இருக்கும்போது வாங்கி ஈரத்துணியில் வைத்தால் மாலை ஷூட்டுக்கு மலரும். காலை ஷூட்டுக்கு முந்தின நாள் மல்லிகை பழுப்பேறி நிற்கும், கனகாம்பரம் தாங்கும்.

என் பைக்குள் ஊக்கு, ஹேர்பின், ரவிக்கை நிறத்தில் கோத்து வைத்த ஊசிநூல், பொட்டு அட்டை, பிளாஸ்திரி, உட்கார ஒரு பழைய புடவை, உதட்டுச்சாயம் கலையாமல் இளநீர் குடிக்க ஸ்ட்ரா. ஒவ்வொரு படத்துக்கு முன்பும் மாப்பிள்ளையின் பேன்ட் பாக்கெட்டிலிருந்து போனையும் பர்ஸையும் சாவியையும் வாங்கி அதே பையில் போட்டுக்கொள்வேன்.

பணம் கொடுப்பதற்கு முன் காகிதத்தைப் படியுங்கள். எத்தனை படம் திருத்தித் தருவார்கள், எப்போது தருவார்கள், மழை வந்தால் முன்பணம் என்னாகும், அவர்கள் தங்கள் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் போடலாமா என்பதெல்லாம் எழுத்தில் இருக்கட்டும். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவுப்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு எடுக்கச் சொன்னவர்தான் முதல் உரிமையாளர், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால். அந்த 'வேறு ஒப்பந்தம்' நீங்கள் படிக்காமல் கையெழுத்துப் போட்ட தாளில் இருக்கலாம்.

பெரியவர்கள் பார்த்து முடித்த சம்பந்தத்தில் பல ஜோடிகளுக்கு முழுசாக ஒரு நாள் சேர்ந்து கழிப்பது இந்த ஷூட்டில்தான். எடுத்தவுடன், "நெத்தியில முத்தம் கொடுங்க சார், இடுப்புல கை வைங்க" என்றால் இரண்டு பேரும் கட்டையாக நிற்பார்கள். அதற்கு முன்னால் ஒரு காபி குடித்து, எது வேண்டும், எது வேண்டாம், எது ரிசப்ஷன் எல்இடி திரைக்கு, எது தங்களுக்கு மட்டும் என்று அவர்களே முடிவு செய்துகொள்வது நல்லது. பெண் வேண்டாம் என்றதைக் கேமராக்காரரிடம் மாப்பிள்ளை சொன்னால் இன்னும் நல்லது. என் அக்கா மகளின் ஷூட்டில், "ரெண்டு பேரும் எதாவது பேசிட்டே நடங்க, நேச்சுரலா இருக்கும்" என்றார்கள். கொஞ்ச தூரம் மௌனமாக நடந்தார்கள். பிறகு மாப்பிள்ளை மிகவும் யோசித்து, "உங்க ஆபீஸ்ல அப்ரைசல் முடிஞ்சுதா?" என்று கேட்டார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஆல்பத்தின் அட்டையில் இருப்பது அந்தப் படம்தான்.

அதனால்தான் சொல்கிறேன், வேன் வைத்துக்கொண்டு இருபது பேர் போகாதீர்கள். அத்தையும் மாமாவும் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தால் அந்தச் சிரிப்பு வராது. கூட ஒரே ஒரு ஆள் போதும். முந்தானையைச் சரிசெய்யத் தெரிந்தவளாக இருக்கட்டும், மற்ற நேரத்தில் மரத்தடியில் போய் உட்கார்ந்துகொள்ளத் தெரிந்தவளாக இருக்கட்டும்.

சாப்பாட்டுக்கு இட்லியில் மிளகாய்ப்பொடி தடவி வாழையிலையில் கட்டிக்கொள்ளுங்கள். பட்டில் சாம்பார் சிந்துகிற பயமில்லை, மதியம் வரை கெடாது. கட்டும்போது போட்டோகிராபருக்கும், வெயிலில் ரிஃப்ளெக்டர் பிடித்துக்கொண்டு நிற்கிற அந்தப் பையனுக்கும் சேர்த்து இரண்டு பொட்டலம் கூடுதலாகக் கட்டச் சொல்லுங்கள். அவர்களும் நம்மைப் போல் மூன்று மணிக்கு எழுந்து வந்தவர்கள்தான்.