ஒரு போட்டோ நகல் இல்லை, வழக்கே தள்ளுபடி: ஜெயித்தவருக்கு எதைச் சொல்லணும், எப்படிச் சொல்லணும்?

1980 சட்டமன்றத் தேர்தல். சென்னை அண்ணா நகர் தொகுதியில் தி.மு.க. தலைவர் கருணாநிதியும் அ.தி.மு.க.வின் டாக்டர் எச்.வி.ஹண்டேவும் மோதினார்கள். வித்தியாசம் 699 ஓட்டுதான். ஜெயித்தது கருணாநிதி. ஹண்டே விடவில்லை. செலவு வரம்பை மீறி ஆடம்பரமான பேனர்கள் வைத்தார்கள் என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் தேர்தல் வழக்கு போட்டார். ஆதாரமாக ஒரு பேனரின் புகைப்படத்தையும் மனுவோடு சேர்த்தார்.

பேனருக்கு எவ்வளவு செலவானது? அந்தக் கேள்விக்கே வழக்கு வரவில்லை. நீதிமன்றத்தில் கொடுத்த மனுவில் போட்டோ இருந்தது, கருணாநிதிக்கான நகலில் இல்லை. அந்தப் போட்டோவும் மனுவின் ஒரு பகுதிதான், அதைக் கொடுக்காதது சட்டப்படி குறை என்று சொல்லி, 1983ல் உச்ச நீதிமன்றம் மனுவையே தள்ளுபடி செய்துவிட்டது.

"அட, ஒரு போட்டோவுக்கா?" என்றுதான் முதலில் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

சட்டம் என்ன கேட்கிறது?

தேர்தல் முடிவை எதிர்த்துச் சாதாரண வழக்கு போட முடியாது. அரசியல் சாசனத்தின் 329வது பிரிவுப்படி 'தேர்தல் மனு' மட்டும்தான் ஒரே வழி. போட்டியிட்ட வேட்பாளரோ, அந்தத் தொகுதி வாக்காளரோ போடலாம். 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி, வெற்றி அறிவித்த நாளிலிருந்து 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யணும். ஒரு நாள் தாண்டினாலும் "காய்ச்சலா இருந்துச்சு" கதையெல்லாம் எடுபடாது. 2,000 ரூபாய் டெபாசிட் கட்டணும்.

அடுத்ததுதான் முக்கியம். எத்தனை எதிர்மனுதாரர்களோ அத்தனை நகல்களை மனுவோடு சேர்த்தே கொடுக்கணும். ஒவ்வொரு நகலிலும் 'இது உண்மை நகல்' என்று மனுதாரரே கையெழுத்துப் போடணும். "என்னையே ஜெயித்தவராக அறிவியுங்கள்" என்றும் கேட்டால், களத்தில் நின்ற எல்லா வேட்பாளர்களையும் எதிர்மனுதாரராகச் சேர்க்கணும். டெபாசிட் இழந்த சுயேச்சைகளும் இதில் அடக்கம். 81, 82, 117 ஆகிய பிரிவுகளில் எது தப்பினாலும் நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்தே ஆகணும் என்கிறது 86வது பிரிவு.

இவ்வளவு கறார் எதற்கு? தேர்தல் முறைகேடு நிரூபணமானால் பதவி மட்டும் போகாது, 6 ஆண்டு வரை தேர்தலில் நிற்கவும் தடை வரலாம். 1975 ஜூன் 12ல் அலகாபாத் உயர் நீதிமன்றத் தீர்ப்பில் இந்திரா காந்திக்கு நடந்தது அதுதான். கிட்டத்தட்ட கிரிமினல் வழக்கு மாதிரி. தன்மேல் என்ன குற்றச்சாட்டு, என்ன ஆதாரம் என்று முழுசாகத் தெரியாமல் ஒருவர் பதில் சொல்ல முடியாது. லட்சம் பேர் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுத்தவரை அரைகுறைக் காகிதத்தை வைத்து இறக்கவும் கூடாது. இது நியாயம்தான்.

சரி, நோட்டீஸை வாங்காமலே தட்டிக்கழித்தால்? வீட்டில் ஆள் இல்லை, ஊரில் இல்லை என்று தபால் திரும்பி வருவது புதுசில்லை. நகலைத் தாக்கல் செய்வதுதான் மனுதாரர் வேலை. எதிர்மனுதாரருக்கு நோட்டீஸ் போய்ச் சேர்கிறதா என்று பார்ப்பது நீதிமன்றத்தின் பொறுப்பு. அதனால் இதற்காக வழக்கு விழாது. சிவில் வழக்குகளில் இருப்பதுபோல வீட்டுக் கதவில் ஒட்டலாம், பத்திரிகையில் விளம்பரம் கொடுக்கலாம். உள்பக்கத்தில் பொடி எழுத்தில் வருகிற, யாருமே படிக்காத கோர்ட் அறிவிப்புகள் இந்த ரகம்தான். ஆனால் அதற்குள் மாதங்கள் ஓடிவிடும்.

ஒரு பக்கம் கறார், இன்னொரு பக்கம்?

மனுதாரருக்கு 45 நாள் கெடு, மீறினால் வழக்கு அவுட். நீதிமன்றத்துக்கோ 6 மாதத்துக்குள் விசாரணையை முடிக்க 'முயற்சி' செய்யணும் என்பதோடு சட்டம் நிறுத்திக்கொள்கிறது. இந்த இடைவெளியில்தான் ஜெயித்தவர் பதவிக்காலத்தை ஓட்டிவிட முடிகிறது. நகல் சரியில்லை, கையெழுத்து சரியில்லை என்று முதலிலேயே ஒரு ஆட்சேபம், அதற்கு உச்ச நீதிமன்றம் வரை ஒரு சுற்று. அண்ணா நகர் வழக்கில் போட்டோ பிரச்சினை முடியவே மூன்று வருஷம் ஆனது.

2016ல் ராதாபுரம் தொகுதியில் அ.தி.மு.க.வின் இன்பதுரை 49 ஓட்டில் ஜெயித்தார். தோற்ற தி.மு.க.வின் அப்பாவு வழக்கு போட்டார். மறு எண்ணிக்கைக்கு உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது 2019 அக்டோபரில். எண்ணினார்கள், ஆனால் முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது. 2021ல் அடுத்த தேர்தலே வந்துவிட்டது. 2019 தேனி எம்.பி. தேர்தலும் இதே கதை. ரவீந்திரநாத்தின் வெற்றி செல்லாது என்று உயர் நீதிமன்றம் சொன்னது 2023 ஜூலையில். அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. பதவிக்காலம் முடிய அப்போது ஒரு வருஷம்கூட இல்லை.

நகல் விதியைத் தளர்த்தணும் என்று நான் சொல்லவில்லை. ஒரு நகல் தப்பினால் வழக்கே போகும் என்றால், அந்த 6 மாதத்துக்கும் கொஞ்சமாவது பல் இருக்கணும். நகல் பற்றிய ஆட்சேபத்தை முதல் சில வாரங்களிலேயே முடிக்கச் சொல்லி ஒரு கெடு வைத்தால்கூட நிலைமை மாறும்.

ஓட்டுப்பதிவுக்கு முன்னாடியே சிக்கல் வந்தால்?

வேட்புமனு பரிசீலனையில் கதை தலைகீழ், எல்லாம் மின்னல் வேகம். ஆட்சேபம் வந்தால் பதில் சொல்ல வேட்பாளருக்கு அதிகபட்சம் மறுநாளுக்கு மறுநாள் வரைதான் அவகாசம். 2017 ஆர்.கே.நகர் இடைத்தேர்தலில் நடிகர் விஷாலை முன்மொழிந்த 10 பேரில் 2 பேர் "அது எங்க கையெழுத்து இல்லை" என்றதும் மனு நிராகரிக்கப்பட்டது. அவரே நேரில் போய்ப் பேசியும் பலனில்லை. அந்த நேரத்தில் கோர்ட்டுக்கும் போக முடியாது. 1952ல் நாமக்கல் தொகுதியில் மனு நிராகரிக்கப்பட்ட பொன்னுசாமி என்பவர் உச்ச நீதிமன்றம் வரை போய்ப் பார்த்தார். தேர்தல் முடியட்டும், அப்புறம் தேர்தல் மனு போடுங்கள் என்றுதான் பதில் வந்தது. இன்றும் அதே சட்டம்தான்.