பாயைச் சுருட்டும் வைத்தியம்

சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் ராஜபாட்டையில், பூவிருந்தவல்லியைத் தாண்டியதும் வருவது திருமழிசை. ஆழ்வார் அவதரித்த தலம் என்று அவ்வூரை அறிந்தவர்கள் பலர். சந்தை கூடிய இடம் என்று அறிந்தவர்களும் இப்போது உண்டு. கொரோனா நோய் பரவிய 2020-ம் வருஷம் மே மாதத்தில், கோயம்பேட்டுக் காய்கறிச் சந்தை தாற்காலிகமாகத் திருமழிசைக்குக் குடிபெயர்ந்தது. செப்டம்பர் கடைசி வரையில் பட்டணத்துக்கு வேண்டிய கத்தரிக்காயும் வெங்காயமும் அங்கேதான் வந்து இறங்கின. "இறங்கின" என்று எழுதிவிடுவது நமக்குச் சுலபம். லாரியிலிருந்து அவை தாமாக இறங்கி நடந்து போகவில்லை. ஏறக்குறைய 50 கிலோ கனமுள்ள ஒவ்வொரு வெங்காய மூட்டையும் ஒரு மனிதருடைய முதுகின் மேல் ஏறித்தான் தரைக்கு வந்தது.

சந்தை கோயம்பேட்டுக்குத் திரும்பிவிட்டது. ஆனால் திருமழிசைத் தொழிற்பேட்டையிலும், அதைச் சுற்றியுள்ள கிடங்குகளிலும், முதுகுக்கு வேலை தீர்ந்துவிடவில்லை. ஒரு நாள் காலையில் மூட்டைக்குக் குனிந்தவர் நிமிர முடியாமல் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். வீட்டில் உப்பு ஒற்றடம், நொச்சி இலை, தைலம் எல்லாம் நடக்கின்றன. கால் முன்னே வரப் பிறந்தவர் யாராவது தெருவில் இருந்தால், அவரை அழைத்து வந்து முதுகில் மெதுவாக மிதிக்கச் சொல்வதும் உண்டு. கடைசியில் எல்லோருமாகச் சேர்ந்து சொல்லும் யோசனை, "பேசாமல் பத்து நாள் படுத்திரு" என்பதுதான். பத்து நாள் படுத்தால் பத்து நாள் கூலி போயிற்று. அந்தக் குடும்பத்துக்கு இது வைத்திய விஷயம் மட்டுமல்ல, அடுப்பெரியும் விஷயமும் ஆகும்.

இந்த வியாதி ஏழைகளை மட்டும் பிடிப்பதில்லை. 2020-ம் வருஷக் கணக்குப்படி, உலகத்தில் சுமார் 61 கோடியே 90 லட்சம் பேர் இடுப்புவலியால் வருந்தினார்கள். மனிதரை முடக்கும் காரணங்களில் இதுவே முதன்மையானது. ஆனால் மற்ற வியாதிகளுக்குள்ள மதிப்பு இதற்கு இல்லை. முதுகைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறவரைப் பார்த்து, "வயதாகிவிட்டதா?" என்று சிரிக்கிறோம்.

இந்த முதுகுக்காகவே ஆயுளில் பெரும்பகுதியைச் செலவிட்ட ஒருவரை நேயர்களுக்கு அறிமுகம் செய்ய விரும்புகிறோம். ராபின் மக்கன்ஸி நியூஸிலாந்துக்காரர், 1931-ல் பிறந்தவர். டாக்டர் பட்டம் பெற்றவர் அல்லர். பிஸியோதெரபி என்னும் இயன்முறை வைத்தியத்தில் தேறி, 1953-ல் வெல்லிங்டன் நகரத்தில் தொழில் தொடங்கினார். முதுகுவலி என்று வந்தவருக்கு உஷ்ணம் காட்டுவது, பிடித்துவிடுவது, முன்பக்கமாகக் குனியப் பழக்குவது ஆகியவையே அக்காலத்து முறைகள். வலியுள்ள முதுகைப் பின்பக்கமாக வளைப்பது ஆபத்து என்று வைத்தியர்கள் கருதினார்கள்.

1956-ல் அவரிடம் ஒரு நோயாளி வந்துகொண்டிருந்தார். வைத்திய உலகம் அவரை 'ஸ்மித்' என்ற பெயரால் மட்டுமே அறியும். இடுப்பின் வலது பக்கத்தில் தொடங்கிய வலி, தொடை வழியாக முழங்கால் வரையில் இறங்கியிருந்தது. மூன்று வாரம் வைத்தியம் செய்தும் குணம் தெரியவில்லை. அன்றைக்கு மக்கன்ஸி, அடுத்த அறைக்குப் போய் மேஜையின் மேல் குப்புறப் படுக்கும்படி அவரிடம் சொன்னார். முன்னால் வந்த வேறொரு நோயாளிக்காக அந்த மேஜையின் ஒரு பாதி உயர்த்தி வைக்கப்பட்டிருந்தது. அதைத் தாழ்த்த யாருக்கும் ஞாபகமில்லை. ஸ்மித் மறு கேள்வி கேட்கும் மனிதர் அல்லர் போலிருக்கிறது. மேஜை இருந்தபடியே அதன் மேல் குப்புறப் படுத்துவிட்டார். இடுப்பு கீழே, மார்பு மேலே. நம் நாட்டு யோகாப்பியாசக்காரர்கள் புஜங்காசனம் என்கிறார்களே, ஏறக்குறைய அந்த நிலைதான்.

சில நிமிஷம் கழித்து உள்ளே வந்த மக்கன்ஸி திடுக்கிட்டார். எது கூடாதென்று படித்திருந்தாரோ, அதே கோலத்தில் நோயாளி கிடந்தார்! பயந்துகொண்டே விசாரித்தபோது, மூன்று வாரத்தில் இவ்வளவு சுகமாக இருந்ததே இல்லை என்று ஸ்மித் சொன்னார். காலிலிருந்த வலி மறைந்து, முதுகில் மட்டும் கொஞ்சம் மிஞ்சியிருந்தது. எழுந்து நின்ற பிறகும் அந்தக் குணம் நிலைத்தது. மறுநாளும் அவ்வாறே படுக்கச் செய்ததில் மிச்ச வலியும் போய்விட்டது.

வேறொருவராயிருந்தால், 'அதிசய மேஜை' என்று விளம்பரம் செய்து பணம் குவித்திருப்பார். மக்கன்ஸி அடுத்த நோயாளியைக் கவனித்தார், அதற்கடுத்தவரையும் கவனித்தார். எந்த அசைவு வலியைக் காலை நோக்கித் துரத்துகிறது, எந்த அசைவு அதை முதுகின் நடுவுக்கு இழுக்கிறது என்று ஒவ்வொருவரிடமும் பார்த்துக் குறித்துக்கொண்டே வந்தார். வலி காலை விட்டு நடுமுதுகுக்கு ஒடுங்குவது நல்ல அறிகுறி என்பது அவருடைய சித்தாந்தமாயிற்று. எல்லோருக்கும் பின்வளைவு ஒத்துக்கொள்ளவில்லை. சிலருக்குக் குனிவதும், சிலருக்குப் பக்கவாட்டில் நகர்வதும் குணம் தந்தன. 1980-ல் நோயாளிகளுக்கென்று ஒரு சிறு புத்தகமும், 1981-ல் வைத்தியர்களுக்கென்று ஒரு பெரிய புத்தகமும் எழுதினார். உன் முதுகுக்கு நீயே வைத்தியம் செய்துகொள் என்பதுதான் சிறிய புத்தகத்தின் சாரம். தம்மிடம் திரும்பி வரவேண்டாம் என்று நோயாளிக்குக் கற்றுக்கொடுக்கும் வைத்தியரை நாம் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறோம்? 2013-ல் அவர் காலமானார்.

மக்கன்ஸி தம் முறையை வளர்த்துக்கொண்டிருந்த அதே காலத்தில், "படுத்திரு" என்ற பழைய ஆக்ஞையையும் சிலர் பரீட்சித்தார்கள். 1986-ல் அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாகாணத்தில் டாக்டர் ரிச்சர்ட் டேயோ முதலியவர்கள் 203 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு 2 நாள் படுக்கையும், மறு பாதிக்கு 7 நாள் படுக்கையும் விதித்தார்கள். வலி தீர்ந்ததில் வித்தியாசமில்லை. ஆனால் 2 நாள்காரர்கள் வேலைக்குப் போகாத நாட்கள் 45 சதவிகிதம் குறைவு. 1995-ல் பின்லாந்தில் ஹெல்ஸிங்கி நகர ஊழியர்களிடையே நடந்த சோதனை இன்னும் ஒரு படி மேலே போயிற்று. படுத்தவர்கள், பயிற்சி செய்தவர்கள், வலி பொறுக்கும் மட்டும் வழக்கமான காரியங்களைச் செய்துகொண்டிருந்தவர்கள் ஆகிய மூன்று கூட்டத்தில், கடைசிக் கூட்டமே சீக்கிரம் தேறிற்று. காஞ்சீபுரத்தில் பள்ளிகொண்ட பெருமாளையே பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு எழுந்து வரச் செய்தவர் திருமழிசை ஆழ்வார் என்பது ஐதிகம். அவருடைய ஊரில் இந்தச் செய்தியைச் சொல்ல நமக்குக் கூச்சமில்லை!

மக்கன்ஸியின் முறைக்கும் பரீட்சை வந்தது. 1998-ல் ஸியாட்டில் நகரத்தில் 321 பேருக்கு நடந்த சோதனை அது. சிலருக்கு அவருடைய முறை, சிலருக்கு முதுகெலும்பை நெட்டி முறிக்கும் வைத்தியம், மீதிப் பேருக்கு ஒரு சிறு விளக்கப் புத்தகம் மட்டும். முதலிரண்டும் சமமாகவே இருந்தன. புத்தகத்தைவிட மிகச் சொற்ப அளவே மேலாக இருந்தன. மக்கன்ஸியின் அபிமானிகளுக்கு இது கசந்திருக்கலாம். நமக்கு இதில் ஏமாற்றமில்லை. வளைவு எந்தத் திசையில் என்பதைவிட, அஞ்சாமல் அசையலாம் என்ற தைரியமே பெரிய மருந்து என்று இதிலிருந்து நாம் ஊகிக்கிறோம்.

அந்தத் தைரியத்தைக் கெடுப்பதற்கும் சாதனங்கள் வந்திருக்கின்றன. எம்.ஆர்.ஐ. படத்தில் எலும்புகளுக்கு நடுவிலுள்ள தட்டு பிதுங்கியிருக்கிறது என்று கேட்டவுடன் பாதி உயிர் போய்விடுகிறது. ஆனால் 1994-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், முதுகுவலியே இல்லாத 98 பேரைப் படமெடுத்தபோது, 52 சதவிகிதம் பேருக்கு ஓரிடத்திலாவது அவ்விதப் பிதுக்கம் இருந்தது. காலில் பலம் குறைந்தாலோ, மறைவிடம் மரத்துப் போனாலோ, சிறுநீர் மலம் அடக்க முடியாமலோ அடைத்துக்கொண்டோ போனாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும். ஜுரத்தோடும் விபத்துக்குப் பிறகும் வரும் வலியும் அப்படியே. மற்றவர்கள் படத்தைக் கண்டு மிரள வேண்டியதில்லை. 2023 டிசம்பரில் உலக சுகாதார ஸ்தாபனம், நாட்பட்ட இடுப்புவலிக்குப் பயிற்சியும் விளக்கமும் நல்லவை என்றும், இடுப்புப் பெல்ட்டும் முதுகை இழுத்துக் கட்டும் சிகிச்சையும் வாடிக்கையாகக் கொடுக்கத் தக்கவை அல்லவென்றும் சொல்லிவிட்டது. 2024-ல் ஆஸ்திரேலியாவில் 701 பேரைக் கொண்டு நடந்த சோதனையில், இயன்முறை வைத்தியரின் யோசனைப்படி நடை பழகினவர்களுக்கு வலி திரும்பி வரச் சராசரியாக 208 நாளாயிற்று. பழகாதவர்களுக்கு 112 நாள். நடப்பதற்குச் செலவு, ஒரு ஜோடி செருப்பு.

நிற்க. ஹெல்ஸிங்கி நகர ஊழியருக்கு "வழக்கமான காரியத்தைச் செய்" என்றால், நாற்காலியில் உட்காருவதும், மாடிப்படி ஏறுவதும், சந்தைக்குப் போவதுமாக இருக்கலாம். நம் சுமைதூக்கும் தொழிலாளிக்கு வழக்கமான காரியம் 50 கிலோ. படுத்தால் பட்டினி, எழுந்தால் மூட்டை. இரண்டுக்கும் நடுவில் ஒரு வாரம் லேசான வேலை அவருக்குக் கிடைப்பதில்லை. மேல்நாட்டு ஆராய்ச்சிகள் இந்த இடத்தில் அவருக்குப் பாதி பதிலைத்தான் தருகின்றன. ஆண் தொழிலாளி ஒருவர் தூக்கும் சுமை 55 கிலோவுக்கு மேற்படலாகாது என்று சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 1967-ல் சிபாரிசு செய்தது. அந்த எல்லைக்குள் அடங்கிய மூட்டையும், ஒரு நாளில் நூறாவது முறை ஏறும்போது எவ்வளவு கனக்கும் என்பதை முதுகுதான் அறியும்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், இயன்முறை வைத்தியர்கள் நடமாட முடியாதவர்களின் வீடு தேடிப் போகிறார்கள். போகிற வழியில் கிடங்கு மேஸ்திரியின் வீட்டிலும் ஐந்து நிமிஷம் உட்கார்ந்து, "இவருக்கு ஒரு வாரம் மூட்டை வேண்டாம், கணக்கு எழுதட்டும், சரக்கு எண்ணட்டும், கூலியைக் குறைக்காதீர்கள்" என்று சொல்லிவிட்டுப் போனால் நன்றாயிருக்கும். மேஸ்திரிக்கும் இடுப்புவலி இருக்கக்கூடும். காது கொடுத்துக் கேட்பார்.