வழுவும் வழுநீக்கியும்

கணினியியலார் செய்நிரலில் நேரும் பிழையை ‘வழு’ என்று வழங்குகிறார்கள். வழு, வழாநிலை, வழுவமைதி என்று நம் இலக்கணத்தார் போற்றிய சொல் அது. ஆகவே, தமிழ்ப் பண்டிதனாகிய நான் இப்பொருள் பற்றி எழுதப் புகுவதை வாசகர் பொறுத்தருள்வாராக.

பொகவந்தலாவையிற் கொழுந்து பறிக்கும் தாயொருத்தியின் மகன் என்னிடம் தமிழ் பயின்றவன்; இப்பொழுது கணினி பயில்கிறான். கடன்பட்டு வாங்கிய பழைய மடிக்கணினியில் லினக்ஸ் இயங்குகிறது. செய்நிரலில் வழு எவ்விடத்துள்ளது என்று காட்டும் கருவி ‘ஜி.டி.பி.’, 1986 இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் எழுதியது. அக்கருவியே இவனிடம் தொடங்க மறுத்தது. இருமுறை யாவற்றையும் அழித்து லினக்ஸைப் புதிதாக நிறுவியும் பயனில்லை. “இதெல்லாம் நமக்குச் சரிவராது, ஐயா” என்றான். தோட்டத்துப் பிள்ளைகள் படிப்பை விடுமுன் சொல்லும் வாக்கியம் அது. நான் அஞ்சினேன்.

“திரையில் என்ன எழுதியிருந்தது, தம்பி?” என்றேன்.

“ஏதோ இங்கிலீசில் வந்தது, ஐயா. வாசிக்கவில்லை.”

இருவரும் அமர்ந்து பதவுரை கண்டோம். பைதன் மொழிக்குரிய பகிர்நூலகக் கோப்பொன்றைத் திறக்க இயலவில்லை, அப்படியொரு கோப்பு இல்லை என்பதே பொருள். கோப்பின் பெயரில் பதிப்பெண்ணும் இருந்தது. ‘எல்.டி.டி.’ என்னும் கட்டளையால் நோக்கியபோது, கருவி வேண்டும் நூலகங்களுள் அதுவொன்றே காணப்படவில்லை. அவன் கணினியிலிருந்தது வேறு பதிப்பு. காரணமும் வெளிப்பட்டது. டேட்டாச் செலவுக்கு அஞ்சி, நண்பன் கணினியிலிருந்த கருவியை ஒவ்வொரு முறையும் பென்டிரைவில் நகலெடுத்து வந்திருந்தான். தன் லினக்ஸ் வெளியீட்டுக்குரிய களஞ்சியத்திலிருந்து பெற்று நிறுவியதும் அது தொடங்கிற்று.

இருக்கும் கோப்புக்கு இல்லாத கோப்பின் பெயரைச் சூட்டிவிடு என்று ஒருவர் முன்னர் வழி சொன்னாராம். ஏடு சிதைந்த இடத்திலே தன் சொல்லை நுழைப்பவன் செயலும் அத்தகையதே. 1887 இல் சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் அவ்வாறு செய்யாமல் பல பிரதிகளைத் தேடி ஒப்புநோக்கினார். முதற்காரணம் காணாத திருத்தம் மற்றொரு வழுவுக்கு வித்தாகும்.

ஆங்கிலம் போதாமையே நம் பிள்ளைகளுக்குத் தடை என்பர் சிலர். அதை நான் முற்றாக ஒப்பேன். அச்செய்தியில் இருந்தவை சில சொற்களே. அகராதி கொண்டு அறியத்தக்கவை. உண்மைத் தடை, பிழை சுட்டப்பட்டதும் அதனைத் தண்டனை எனக் கருதி முகத்தைத் திருப்பிக்கொள்ளும் பழக்கம். அதைப் பழக்கியவர்கள் ஆசிரியராகிய நாமே. சிவப்பு மையாற் கோடிட்டு, காரணம் எழுதாமற் கொப்பியைத் திருப்பிக் கொடுத்த நாட்கள் எனக்கும் உண்டு. அவ்வியந்திரமோ காரணத்தையும் எழுதிக் காட்டியது.

கணினி வகுப்பில் பிழைச்செய்திக்குப் பதவுரை காண ஒரு பாடவேளை ஒதுக்குக. தமிழாசிரியரும் அருகிருந்து துணைபுரிக. ஒரு கோப்பு இல்லாமையைத் தன் அறிவின் இல்லாமை என்று எந்தப் பிள்ளையும் எண்ணி எழுந்து போகலாகாது.