ஆய்வு நூலகங்களின் பயிற்சி இடங்கள்: இரு சட்டங்களுக்கு நடுவே விடுபட்ட வாசல்

நூலக அறிவியலில் பட்டம் பெறுவது ஒன்று. ஆய்வு நூலகத்தில் பணிபுரியும் தகுதியை அடைவது வேறொன்று. பழைய இதழ்களைப் பாதுகாத்தல், நூற்பட்டியல் அமைத்தல், அரிய ஆவணங்களை மின்னுருவாக்குதல் ஆகியவை வகுப்பறையில் மட்டும் கைவரக்கூடியவை அல்ல. பட்டதாரிகள் சில மாதங்கள் நூலகத்திலேயே இருந்து பழகவேண்டும். இன்டர்ன்ஷிப் எனப்படும் இப்பயிற்சியே அத்துறையின் உண்மையான நுழைவாயில். அவ்வாயிலில் சமூகநீதிக்கு இடம் இருக்கிறதா என்பதே நாம் எழுப்பும் கேள்வி.

அரசமைப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு கல்விச் சேர்க்கையில் இடஒதுக்கீட்டுக்கு வழிசெய்கிறது; 16ஆம் பிரிவு அரசுப் பணி நியமனத்தில் வழிசெய்கிறது. தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினருக்கு 18 விழுக்காடும், பழங்குடியினருக்கு 1 விழுக்காடும் ஒதுக்கப்படுகின்றன. பட்டத்திற்குப் பிந்தைய பயிற்சியோ சேர்க்கையும் அன்று, நியமனமும் அன்று. இரண்டுக்கும் நடுவே அது தனித்து நிற்கிறது. ஆகவே அறிவிப்பு வெளியிடாமலேயே ஆள் எடுக்க முடிகிறது. பேராசிரியரின் பரிந்துரைக் கடிதமே தேர்வாகிவிட முடிகிறது. பின்னர் பணிக்கு விண்ணப்பிக்கையில், அப்பயிற்சியே 'முன் அனுபவம்' என்னும் தகுதியாக மாறி நிற்கிறது. அனுபவம் இல்லை என்று ஒருவர் விலக்கப்படும்போது, அனுபவம் பெறும் வாய்ப்பு யாருக்குக் கிடைத்தது என்று எவரும் கேட்பதில்லை.

அடுத்த தடை பணம். ஆண்டு வருமானம் இரண்டரை இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட பட்டியல் சாதிக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு வழங்கப்படும் மேற்படிப்பு உதவித்தொகை, அங்கீகரிக்கப்பட்ட படிப்பு முடிந்ததும் நின்றுவிடும். கல்லூரி விடுதியையும் அப்போதே காலி செய்யவேண்டும். ஊதியமற்ற பயிற்சிக்காகச் சென்னையில் ஆறு மாதம் அறையெடுத்துத் தங்க, கூலித் தொழிலாளியின் மகளால் இயலுமா? 'அனைவரும் விண்ணப்பிக்கலாம்' என்னும் சொல்லுக்கு அவளைப் பொறுத்தவரை பொருளில்லை.

வரலாறு இதற்கு வேறொரு பாடம் சொல்கிறது. பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாட் 1910இல் அமெரிக்க நூலகர் வில்லியம் போர்டனை வரவழைத்தார். 1911இல் அங்கே நூலகப் பயிற்சி வகுப்பு தொடங்கிற்று. அதே மன்னர் 1913இல் மாதம் பதினொன்றரைப் பவுண்டு வீதம் மூன்றாண்டுகளுக்கு அளித்த உதவித்தொகையே அண்ணல் அம்பேத்கரைக் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்த்தது. அங்கிருந்த நூலகத்தின் செல்வம் அவருக்கு வசப்பட்டதற்கு அறிவுத்தாகத்தோடு அந்த மாதத்தொகையும் காரணம். சென்னையில் 1929இல் எஸ்.ஆர். அரங்கநாதன் தொடங்கிவைத்த நூலகப் பயிற்சி வகுப்பு, 1931இல் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் வந்தது. பயிற்சிக்கு இங்கே ஏறத்தாழ நூறாண்டு மரபுண்டு. அதில் சம பங்குக்கான விதிதான் எழுதப்படவேண்டும்.

இது வேலைவாய்ப்புச் சிக்கல் மட்டுமன்று. எந்த இதழை முதலில் மின்னுருவாக்குவது, எதனை எந்தப் பொருள் தலைப்பின்கீழ் வைப்பது என்பவை நூலகத்தினுள் எடுக்கப்படும் முடிவுகள். இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார். பண்டிதர் மறைந்தது 1914இல்; அவருடைய எழுத்துகள் ஞான. அலாய்சியஸ் தொகுத்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்' என்னும் விரிந்த தொகுப்பாக வெளிவந்தது 1999இல். அத்தகைய இதழை வெறும் 'சாதி' என்று பட்டியலிட்டால், பௌத்தத்தையோ இதழியல் வரலாற்றையோ தேடும் ஆய்வாளருக்கு அது அகப்படாது. பட்டியலிடும் மேசையில் நம் பிள்ளைகளும் அமர்ந்தால்தான் நம் முன்னோரின் எழுத்து அதற்குரிய இடத்தில் வைக்கப்படும்.

'பயிற்சி இடங்களில் எப்படி இடஒதுக்கீடு தருவது?' என்று கேட்போருக்குச் சட்டமே விடை தருகிறது. 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தில் 1973இல் சேர்க்கப்பட்ட 3அ பிரிவு, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பயிற்சி இடங்களை ஒதுக்கவேண்டும் என்கிறது. அச்சட்டம் பழகுநருக்கு உதவித்தொகையையும் கட்டாயமாக்குகிறது. ஆனால் அச்சட்டத்திற்கு வெளியே, நூலகங்கள் தாமே நடத்தும் பயிற்சிகளுக்கு இவை பொருந்துவதில்லை. ஆலைகளுக்கு ஏற்ற நெறி அறிவுக்கூடங்களுக்கு மட்டும் ஆகாது என்பது ஏற்கத்தக்கதன்று.

ஆகவே நாம் கோருவன நான்கு. அரசு நிதி பெறும் ஒவ்வொரு நூலகமும் பயிற்சி இடங்களைப் பொதுவில் அறிவிக்கவேண்டும். இடஒதுக்கீட்டைப் பின்பற்றித் தேர்ந்தோர் விவரத்தைப் பிரிவுவாரியாக வெளியிடவேண்டும். தங்குமிடச் செலவுக்கும் போதுமான உதவித்தொகை தரவேண்டும். பயிற்சியில் கற்பிக்கப்படுவன எவை என்பதை எழுத்தில் தரவேண்டும். அவ்வாறு எழுதப்படாவிடில், ஒருவருக்குப் பட்டியலாக்கமும் மற்றொருவருக்குத் தூசு தட்டும் வேலையும் வாய்ப்பதைத் தடுக்க இயலாது.

நூலக அறிவியல் பயிலும் மாணவர்கள் தம் துறையிலிருந்தே இதனைத் தொடங்கலாம். கடந்த ஐந்தாண்டுகளில் பயிற்சிக்கு அனுப்பப்பட்டோர் எத்தனை பேர், எப்பிரிவினர், எத்தொகை பெற்றனர் எனத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ்த் தம் பல்கலைக்கழகத்தைக் கேட்கட்டும். வரும் விடை கணக்காக இருப்பினும், 'பதிவேடு இல்லை' என்பதாக இருப்பினும், நம் கோரிக்கைக்கு அதுவே முதற்சான்று.