கிடார் வாசித்தவர் பேர் என்ன?

தோழிகளே, ‘இளைய நிலா’ பாட்டுத் தெரியாதவர் நம்மில் யாராவது உண்டா? 1982-ல் ஆர்.சுந்தர்ராஜன் இயக்கத்தில் வந்த ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்துப் பாட்டு. ரேடியோவில் கேட்டோம், கேசட் தேயத் தேயக் கேட்டோம், இப்போது பிள்ளைகளின் செல்போனிலும் கேட்கிறோம். நாற்பது வருஷம் தாண்டியும் சலிக்கவில்லை.

உங்களுக்கு ஒரு சின்னப் பரீட்சை. இசை யார்? இளையராஜா. பாடியவர்? எஸ்.பி.பாலசுப்பிரமணியம். எழுதியவர்? வைரமுத்து. நடித்தவர்? மோகன். டக் டக்கென்று சொல்லிவிடுவீர்கள். சரி, குரல் வருவதற்கு முன்னாலேயே ஒரு கிடார் நம்மைக் கட்டிப் போடுகிறதே, அதை வாசித்தவர் யார்?

பலருக்கும் தெரியாது. அவர் பெயர் ஆர்.சந்திரசேகர்.

அந்தக் கிடாரை எடுத்துவிட்டு இந்தப் பாட்டை நினைத்துப் பாருங்கள், முடிகிறதா? மெல்லிசைக் கச்சேரியில் கிடார் பையன் முதல் கம்பியைத் தொட்டதுமே கைதட்டல் கிளம்பிவிடும். பாடகர் அப்போது வாயே திறந்திருக்க மாட்டார்! 1983-ல் ‘கலாகார்’ என்ற இந்திப் படத்தில் கல்யாண்ஜி ஆனந்த்ஜி இசையில் கிஷோர் குமார் இதே மெட்டைப் பாடினார். மொழி மாறியது, குரல் மாறியது. ஆனால் அங்கேயும் கிடார்தான் முன்னால் நிற்கிறது.

சினிமாவில் ஒரு ஆளைக் காட்ட எத்தனை பேர் வேண்டியிருக்கிறது பாருங்கள்! திரையில் முகம் மோகனுடையது. பாட்டுக் குரல் எஸ்.பி.பி.யுடையது. கிடார் விரல் சந்திரசேகருடையது. மோகனுக்குப் பல படங்களில் வசனம் பேசியவரோ எஸ்.என்.சுரேந்தர். இதில் நமக்குத் தெரிந்த பேர் எத்தனை?

2017-ல் இளையராஜா தரப்பிலிருந்து எஸ்.பி.பி.க்கு வக்கீல் நோட்டீஸ் போனது நினைவிருக்கும். பாட்டு யாருக்குச் சொந்தம், இசையமைத்தவருக்கா, பாடியவருக்கா, தயாரிப்பாளருக்கா என்று வீட்டுக்கு வீடு பட்டிமன்றம் நடந்தது. எங்கள் தெருவிலும்தான். வாத்தியம் வாசித்த கையைப் பற்றி ஒருத்தர் பேசணுமே! ஊஹூம்.

“இளையராஜா எழுதிக் கொடுத்ததைத்தானே வாசித்தார், சம்பளமும் வாங்கியாச்சு, அப்புறம் பேர் எதுக்கு?” என்று கேட்பார்கள். எழுதிக் கொடுத்தது உண்மை. இளையராஜாவின் பெருமை அதில் துளியும் குறையாது. ஆனால் ஒரே சமையல் குறிப்பை வைத்துப் பத்து பேர் சாம்பார் வைத்தால் பத்தும் ஒரே ருசியாகவா இருக்கிறது? கைப்பக்குவம் என்று ஒன்று இருக்கிறதே! அது நமக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

எங்கள் விருத்தாசலம் பீங்கான் ஊர். கார்த்திகைக்கு நீங்கள் ஏற்றுகிற அகல் விளக்கு, கொலுவில் வைக்கிற பொம்மை, மின்சாரப் பெட்டியில் இருக்கிற ஃபியூஸ் கட்டை எல்லாம் இங்கே தயாராகிறது. அச்சிலிருந்து எடுத்த பச்சைப் பொம்மையின் பிசிறை ஈரப் பஞ்சால் துடைத்து, மூக்கும் முழியும் உடையாமல் சூளைக்கு அனுப்புகிற வேலையில் பெண்கள் எத்தனையோ பேர். பொம்மையைத் திருப்பிப் பாருங்கள், அடியில் யார் பேரும் இருக்காது. “பொம்மை எவ்வளவு லட்சணம்!” என்ற பாராட்டு மட்டும் கொலு வைத்த வீட்டுக்கு வந்து சேரும்.

எல்லார் பேரையும் பொம்மையில் எழுத முடியாதுதான். ஆனால் பாட்டுக்கு முடியுமே! ரேடியோவில் அறிவிக்கிறவர் ஒரு வரி சேர்த்துச் சொன்னால் போதும். செல்போனில் பாட்டு ஓடும்போது படத்தின் பேரும் பாடகர் பேரும் வருகிற இடத்தில், வாத்தியக்காரர் பேரையும் போட என்ன கஷ்டம்?

நாமும் ஒன்று செய்யலாம். வீட்டுக் கல்யாணத்தில் கச்சேரி வைத்தால், பாடகருக்குப் பொன்னாடை போர்த்தும்போது கிடார், தபேலா, கீபோர்டு வாசிக்கிறவர்களின் பேரையும் கேட்டு மைக்கில் சொல்லச் சொல்லுங்கள். பத்து பைசா செலவில்லை. கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிற அவர்கள் வீட்டுப் பெண்கள் காதில் அந்தப் பேர் விழட்டும்.

- ஒரு வாசகி, விருத்தாசலம்.