மெமரி போதவில்லையா? பர்ஸைத் திறக்கும் முன் சி டிரைவைத் திறங்கள்

போட்டோவைத் திறந்து, பின்னணியை வெள்ளையாக்கி, சேவ் செய்யப் போகும் நேரத்தில் திரையின் நடுவில் ஒரு சின்னப் பெட்டி வரும். "ஸ்கிராட்ச் டிஸ்க்ஸ் ஆர் ஃபுல்" என்று சொல்லும். இல்லையென்றால் "நாட் எனஃப் மெமரி" என்று சொல்லும். ஓகே தவிர வேறு பட்டன் இருக்காது. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் இதைப் பார்த்ததும் செய்யும் முதல் காரியம், தெரிந்த ஒருவரைக் கேட்பது. அவர் சொல்லும் முதல் பதில், "ராம் பத்தாது, மாத்திடுங்க."

நான் குடியிருப்பது சேரப்பணஞ்சேரியில். படப்பையிலிருந்து ஒரகடம் போகும் வழி. சுற்றிலும் கம்பெனிகள். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்குப் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ கட்டாயம் என்பதால், ஜெராக்ஸ் கடைகளுக்கு அதுதான் பாதி வருமானம். எங்கள் தெருவில் அப்படி ஒரு கடை வைத்திருக்கும் அக்காவிடம் செகண்ட் ஹேண்டில் வாங்கிய கம்ப்யூட்டர் ஒன்று உள்ளது. 4 ஜிபி ராம். ஒரு திங்கட்கிழமை காலை, கடை வாசலில் பத்துப் பதினைந்து பேர் நிற்கும்போது, போட்டோ புரோகிராம் மேலே சொன்ன செய்தியைக் காட்டிவிட்டு நின்றுவிட்டது. அழைத்து வந்த சர்வீஸ்காரர் பத்து நிமிடம் பார்த்துவிட்டு, "போர்டு பழசு, இதுக்கு மேல ராம் ஏத்துறது வீண். புது சிஸ்டம் போட்டுடுங்க" என்று 40 ஆயிரம் ரூபாய்க்கு ஒரு கணக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்.

"தம்பி, நகையை வச்சுத்தான் வாங்கணும். வாங்கிடட்டுமா?" என்று அக்கா என்னைக் கேட்டார்.

வேண்டாம் என்று சொன்னேன். அந்தச் செய்தி ராமைப் பற்றிப் பேசவே இல்லை. அது டிஸ்க்கைப் பற்றிப் பேசுகிறது.

பள்ளியில் ரஃப் நோட்டு வைத்திருப்போமே, ஸ்கிராட்ச் டிஸ்க் என்பது அதுதான். ராமில் இடம் போதாதபோது போட்டோஷாப் போன்ற புரோகிராம்கள் ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு அங்கே கணக்குப் போட்டுப் பார்க்கும். இது இன்று நேற்று வந்த ஏற்பாடு இல்லை. 1990 பிப்ரவரியில் போட்டோஷாப்பின் முதல் பதிப்பு வந்தபோது, 2 எம்பி ராம் உள்ள மேகின்டோஷில் அது இயங்கியது. ஜிபி இல்லை, எம்பி! அவ்வளவு சின்ன இடத்தில் படங்களைக் கையாளத்தான் இந்த ரஃப் நோட்டு. நாம் எதுவும் மாற்றாவிட்டால், விண்டோஸ் இருக்கும் சி டிரைவையே புரோகிராம் இதற்கு எடுத்துக்கொள்ளும். விண்டோஸ் தன் சொந்த ரஃப் நோட்டான பேஜ் பைலையும் வழக்கமாக அங்கேதான் வைத்திருக்கும். இரண்டும் ஒரே டிரைவில் இடத்துக்குச் சண்டை போடும்.

அக்காவின் சி டிரைவைத் திறந்து பார்த்தேன். காலியாக இருந்தது 2 ஜிபி கூட இல்லை. வாடிக்கையாளர்களின் போட்டோக்கள் எல்லாம் டெஸ்க்டாப்பிலும் டவுன்லோட்ஸ் போல்டரிலும் குவிந்து கிடந்தன. (டெஸ்க்டாப்பில் வைத்தாலும் அது சி டிரைவில்தான் இருக்கும் என்பது பலருக்குத் தெரியாது.) டி டிரைவோ கிட்டத்தட்டக் காலி. போட்டோக்களை டி டிரைவுக்கு மாற்றினேன். பிறகு எடிட் மெனுவில் பிரிபரன்சஸ், அதில் ஸ்கிராட்ச் டிஸ்க்ஸ் சென்று, டி டிரைவில் டிக் அடித்து, புரோகிராமை மூடித் திறந்தேன். செய்தி போய்விட்டது. போட்டோஷாப் திறக்கவே மறுத்தால், அதைத் தொடங்கும்போது கண்ட்ரோல், ஆல்ட் இரண்டு கீகளையும் அழுத்திப் பிடியுங்கள். ஸ்கிராட்ச் டிஸ்க்கைத் தேர்ந்தெடுக்கும் பெட்டி முதலிலேயே வரும்.

இடம் காலி செய்வதில் ஓர் எச்சரிக்கை. விண்டோஸ் செட்டிங்ஸில் சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி பைல்ஸ் என்று சென்றால் தேவையற்றவற்றை அழிக்கலாம். ஆனால் அந்தப் பட்டியலில் டவுன்லோட்ஸ் போல்டரும் இருக்கும். கவனிக்காமல் அதிலும் டிக் அடித்துவிட்டால், வாட்ஸ்அப்பில் இறக்கிய போட்டோக்கள் எல்லாம் போய்விடும்.

இனி ராம் பக்கம் வருவோம். "போட்டோ 4 எம்பிதானே, 4 ஜிபி ராமில் ஆயிரம் போட்டோ திறக்கலாமே" என்று பலர் நினைக்கிறார்கள். ஜேபெக் பைல் என்பது மடித்து வைத்த புடவை. அலமாரியில் கையகலம்தான். பிரித்தால் ஆறு கஜம். இன்றைய போன்களில் 50 மெகாபிக்சல் சாதாரணம். அதாவது 5 கோடி புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என 3 பைட். திறந்தவுடன் அது மெமரியில் சுமார் 143 எம்பி ஆகிவிடும். அதன் மேல் ஒரு டூப்ளிகேட் லேயர் போட்டால் இன்னொரு 143. முழுப் படத்தையும் மாற்றும் வேலைகளை வரிசையாகச் செய்தால், பின்னால் அன்டூ செய்ய வசதியாக ஒவ்வொரு நிலையையும் புரோகிராம் நினைவில் வைக்கும். அப்படிப் பத்து நிலைகள் சேர்ந்தால் 1.4 ஜிபி. விண்டோஸும் பிரவுசரும் ஏற்கெனவே தின்றது போக 4 ஜிபியில் என்ன மிஞ்சும்?

ஆனால் பாஸ்போர்ட் போட்டோவுக்கு 5 கோடி புள்ளி எதற்கு? 35க்கு 45 மில்லிமீட்டர் போட்டோவை 300 டிபிஐயில் பிரிண்ட் செய்ய 413க்கு 531 பிக்சல் போதும். எட்டு காப்பி வைக்கும் 4க்கு 6 இன்ச் ஷீட் முழுவதுமே 6 எம்பி சொச்சம்தான். எனவே போட்டோவைத் திறந்ததும் முதல் வேலையாகத் தேவையான பகுதியை கிராப் செய்து, இமேஜ் சைஸில் சிறிதாக்கி, வேறு பெயரில் சேவ் செய்துவிட்டுப் பிறகு மற்ற வேலைகளைத் தொடங்குங்கள். அக்கா இதைத் தலைகீழாகச் செய்துகொண்டிருந்தார். எல்லா வேலையையும் முழு சைஸில் முடித்துவிட்டுக் கடைசியில் சிறிதாக்குவார்.

பெர்பார்மன்ஸ் பகுதியில் ஹிஸ்டரி ஸ்டேட்ஸ் என்ற எண் உள்ளது. பழைய பதிப்புகளில் 20, புதியவற்றில் 50 என இருக்கும். இந்த மாதிரி வேலைக்கு 5 போதும். அதே பகுதியில் மெமரி அளவு 70 சதவீதம் என்றிருப்பதைப் பார்த்துச் சிலர் 100 ஆக்கிவிடுகிறார்கள். வேண்டாம். விண்டோஸுக்கு மூச்சு விட இடமில்லாமல் எல்லாமே மெதுவாகும். நடுவில் திணறினால் எடிட் மெனுவில் பர்ஜ், ஆல் கொடுங்கள். அதன் பிறகு அன்டூ கிடைக்காது, நினைவிருக்கட்டும். இலவசமாகக் கிடைக்கும் கிம்ப் புரோகிராமிலும் பிரிபரன்சஸ், சிஸ்டம் ரிசோர்சஸ் பகுதியில் அன்டூ எண்ணிக்கையும் டைல் கேஷ் அளவும் மாற்றலாம். கடையில் தொழிலுக்குப் பயன்படுத்தவும் அதற்குக் கட்டணம் இல்லை. "கிராக்" சிடி தேடி வைரஸ் வாங்குவதைவிட அது மேல்.

என் கோபம் சர்வீஸ்காரர் மீது மட்டும் இல்லை. சாப்ட்வேர் எழுதும் எங்கள் மீதும்தான். ஆபீசில் என் மெஷினில் 32 ஜிபி. அதில் எழுதி, அதிலேயே சோதித்துவிட்டு, 4 ஜிபிக்காரரிடம் "டிஸ்க் ஃபுல்" என்று இரண்டு வார்த்தையில் முடித்துக்கொள்கிறோம். எந்த டிரைவ், எத்தனை ஜிபி காலி வேண்டும், எங்கே மாற்றலாம் என்று இன்னும் இரண்டு வரி எழுத என்ன கஷ்டம்? அந்த இரண்டு வரி இருந்திருந்தால் நகையை அடகு வைக்கும் பேச்சே வந்திருக்காது.

விற்பவர்களும் ஒன்றைச் சொல்வதில்லை. விண்டோஸ் 11க்குக் குறைந்தபட்சம் 4 ஜிபி என்று மைக்ரோசாப்ட் சொல்வது விண்டோஸ் இயங்குவதற்கு. அடோபி தன் போட்டோஷாப்புக்குக் கேட்பது குறைந்தது 8, பரிந்துரைப்பது 16. வாங்கும் முன் ராம் போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டதா, பின்னால் கூட்ட ஸ்லாட் உண்டா என்று கேளுங்கள். முன்பெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடலாம். 2025 கடைசியில் ஏஐ சர்வர்களுக்காக மெமரி சிப்களுக்குப் போட்டி ஏற்பட்டு ராம் விலை ஏறியது. அந்த டிசம்பரில் மைக்ரான் நிறுவனம், நம்மைப் போன்றவர்களுக்கு ராம் விற்றுவந்த தன் குரூஷியல் பிராண்டையே நிறுத்துவதாக அறிவித்துவிட்டது.

ராமே தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. அக்காவுக்குக் கல்யாண ஆல்பம் டிசைன் செய்யவும் ஆசை. 12க்கு 36 இன்ச் ஷீட் 300 டிபிஐயில் ஒரு லேயருக்கே 110 எம்பியைத் தாண்டும். ஒரு ஷீட்டில் இருபது லேயர் சாதாரணம். அதற்கு 16 ஜிபி இல்லாமல் உட்காரக் கூடாது என்று சொல்லிவிட்டேன். "அப்போ ஆல்பம் ஆர்டர் ரெண்டு மூணு வரட்டும் தம்பி, அப்புறம் வாங்கிக்கிறேன்" என்றார். திங்கட்கிழமை போட்டோக்கள் இப்போதும் அதே 4 ஜிபியில்தான் ஓடுகின்றன.